பயணம் போய் வந்த பெரியவருக்குக் காய்ச்சலும் பிதற்றலும்: காரைக்குடியிலிருந்து எங்கே கொண்டு போவது?

எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் ஒடிசாவில் மகன் வீட்டில் ஒரு மாதம் தங்கிவிட்டு ஊர் திரும்புகிறார். வந்து பத்துப் பன்னிரண்டு நாளில் காய்ச்சல் காண்கிறது. அலைச்சல்தான் என்று பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடுகிறார். மூன்றாம் நாள் விடிகாலையில் பேச்சு மாறிவிடுகிறது. எதிரில் நிற்பவரைத் தெரியவில்லை, கேட்ட கேள்விக்கும் சொல்லும் பதிலுக்கும் சம்பந்தமில்லை. செட்டிநாட்டுப் பக்கத்துப் பெரிய வீடுகள் பலவற்றில் இப்போது அப்பச்சியும் ஆத்தாவும் மட்டுந்தான் இருக்கிறார்கள். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ அதற்கும் அப்பாலோ. ஆகவே முடிவு ஃபோனில் நடக்கும். ‘நம்ம டாக்டரையே கூப்பிடுங்க’ என்பார் ஒருவர். ‘ஜி.எச்.சுக்குத் தூக்கிட்டுப் போங்க’ என்பார் இன்னொருவர். சிவகங்கை மெடிக்கல் காலேஜ் என்று ஒரு குரல் வரும், எங்கேயும் நிற்காமல் மதுரைக்குப் போய்விடுங்கள் என்று இன்னொரு குரல் வரும்.

இந்த நான்கு யோசனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கத்தான் இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. இந்தப் பகுதியில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் மைக்ராஸ்கோப் பார்த்தவள். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூளை மலேரியா என்ற சந்தேகத்துக்கு இடம் இருந்தால், ஆர்ட்டிசுனேட் என்ற மருந்தின் முதல் ஊசி எந்த இடத்தில் சீக்கிரம் ஏறுமோ அந்த இடந்தான் முதல் இடம். ஐ.சி.யு., டயாலிசிஸ், பெரிய டாக்டர் எல்லாம் அதற்கு அடுத்த படி. இரண்டையும் ஒரே இடத்தில் தேடி அலைவதில்தான் பொழுது போய்விடுகிறது.

பொழுது ஏன் இவ்வளவு முக்கியம்? மலேரியாவில் ஃபால்சிபாரம் என்ற வகைதான் பெரும்பாலும் மூளையைத் தாக்குவது. அந்தக் கிருமி புகுந்த சிவப்பணுக்கள் மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்ச் சுவர்களில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடத்தில் ஓட்டம் தடைப்படும், மூளைக்குப் போக வேண்டிய பிராணவாயுவும் சர்க்கரையும் குறையும். கிருமி சுமார் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை பெருகிக்கொண்டே போகும். மருந்து போகாவிட்டால் ஒன்றிரண்டு நாளில் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

மூளை மலேரியா என்றாலே ஆப்பிரிக்கக் குழந்தைகளின் நோய் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. குழந்தைகள் அதிகம் சாவது உண்மைதான். ஆனால் நோய் முற்றிய ஒருவர் பிழைப்பாரா என்று கேட்டால், வயதானவர் நிலைமைதான் மோசம். தெற்கு, தென்கிழக்கு ஆசிய நாடுகளில் கடுமையான மலேரியாவோடு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்த ஆய்வு 2008இல் வெளிவந்தது. பத்து வயதுக்குக் கீழ் இருந்தவர்களில் இறந்தவர்கள் 6.1 சதவீதம். ஐம்பதைத் தாண்டியவர்களில் 36.5 சதவீதம். அதாவது மூன்றில் ஒருவருக்கு மேல். குழந்தைகளிடம் ரத்தசோகையும் வலிப்பும் அதிகம் இருந்தன. வயது ஏற ஏற மஞ்சள்காமாலையும் சிறுநீரகச் செயலிழப்பும் கூடின. பிரிட்டனில் 1987 முதல் 2006 வரை வெளிநாட்டிலிருந்து ஃபால்சிபாரத்தோடு வந்து சேர்ந்தவர்களைப் பார்த்தபோதும் அதே கதைதான். அறுபத்தைந்தைத் தாண்டியவர் இறக்கும் வாய்ப்பு இளவயதுக்காரரைவிடப் பத்து மடங்குக்கும் மேல்.

இன்னொன்றும் இருக்கிறது. ஒடிசாவின் மலைக்கிராமத்தில் பிறந்து வளர்ந்தவருக்குச் சின்ன வயதிலிருந்தே அந்தக் கிருமியோடு பழக்கம் உண்டு. அதனால் ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும். நம்மூர்ப் பெரியவருக்கு அது கிடையாது. ‘நான் நைஜீரியாவில் இருபது வருஷம் குப்பை கொட்டியவன், எனக்கு ஒன்றும் வராது’ என்று சொல்பவரும் இதில் சேர்ந்தவர்தான். அந்த ஊரை விட்டு வந்து சில வருடம் ஆனாலே அந்தப் பாதி எதிர்ப்பும் கரைந்துவிடும்.

எல்லாக் காய்ச்சலுக்கும் இப்படிப் பதற வேண்டியதில்லை. எங்கே போய் வந்தார் என்பதுதான் முதல் கேள்வி. பினாங்குத் தைப்பூசத்துக்குப் போய் வந்தவருக்குக் காய்ச்சல் என்றால் நான் மலேரியாவை முதலில் நினைக்க மாட்டேன். மலேசியாவில் கொசு வழியாக மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் உள்ளூரில் பதிவாகவில்லை. காட்டோரத்தில் குரங்கிடமிருந்து வரும் ஒரு வகைதான் மிச்சம். கதிர்காமம் போய் வந்தவருக்கும் அப்படியே. இலங்கைக்கு 2016இல் மலேரியா ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்துவிட்டது. ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர், வடகிழக்கு மாநிலங்களின் காட்டுப் பகுதி, பர்மா, அப்புறம் சகாராவுக்குத் தெற்கே ஆப்பிரிக்கா, இங்கேயிருந்து திரும்பியவர் என்றால் வேறு கதை. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வியாபாரம் செய்யப் போன காலத்து ஊர்களையும் கோயில்களையும் பார்க்க இப்போது பர்மாவுக்குக் குழுவாகப் போய் வருகிறார்கள், அவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொசு கடித்து ஏழு நாள் முதல் ஒரு மாதத்துக்குள் பெரும்பாலும் காய்ச்சல் காணும், சிலருக்கு மூன்று மாதம் வரைகூட ஆகும். ஆகையால் பயணம் முடிந்து மூன்று மாதம் வரை எந்தக் காய்ச்சல் வந்தாலும் பயணத்தைச் சொல்லித்தான் வைத்தியம் பார்க்க வேண்டும்.

முதல் வழி: வீட்டு டாக்டரும் பக்கத்து நர்ஸிங் ஹோமும்

இதன் பலம் நெருக்கம். கால் மணி நேரத்தில் ஆள் கட்டிலில் படுத்திருப்பார். இருபது வருடமாகப் பார்க்கும் டாக்டருக்கு இவருடைய சுகர், பிரஷர், இதயம், சிறுநீரகம் எல்லாம் அத்துப்படி. வயதானவர் விஷயத்தில் இது சின்ன லாபம் இல்லை.

பலவீனமும் அங்கேயேதான் இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது மலேரியாவே குறைவு, வருவதிலும் வைவாக்ஸ் என்ற வேறு வகைதான் அதிகம். வருடக்கணக்கில் ஒரு ஃபால்சிபாரம் நோயாளியைக்கூடப் பார்க்காத டாக்டர், அதை முதலில் நினைக்காமல் போவது இயல்பு. அவர் கண்முன்னே தினமும் வருவது வேறு. எழுபது வயதில் ஒருவர் திடீரெனக் குழம்பிப் பேசினால் பக்கவாதம், ரத்தத்தில் சோடியம் குறைவு, சுகர் இறங்கியது, சிறுநீர்த் தொற்று, ஸ்க்ரப் டைஃபஸ், எலிக்காய்ச்சல், டெங்கு என்று ஒரு வரிசையே இருக்கிறது. வயதானவருக்குக் காய்ச்சல் பெரிதாக ஏறாமலும் இருக்கும், பாராசிட்டமால் போட்டிருந்தால் அந்த நேரத்தில் உடம்பு குளிர்ந்தும் கிடக்கும். பயணத்தை யாரும் சொல்லாவிட்டால் மலேரியா அந்த வரிசையிலேயே வராது.

எங்கள் பரிசோதனைக் கூடத்துக்கு ஒருமுறை எழுபதுகளில் இருந்த ஓர் ஆச்சியின் ரத்தம் வந்தது. அதற்கு முன்பே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் பக்கவாதம் என்று சந்தேகித்துத் தலை ஸ்கேன் எடுத்திருந்தார்கள். ஸ்கேனில் ஒன்றுமில்லை. மறுநாள் தட்டணுக்கள் குறைந்ததைப் பார்த்து டெங்குவாக இருக்கும் என்று சொல்லியிருந்தார்கள். தட்டணு அவ்வளவு குறைந்திருந்ததால் நாங்களாகவே ஸ்லைடு போட்டுப் பார்த்தோம். ஒரே சிவப்பணுவுக்குள் வளையம் போன்ற கிருமி இரண்டு மூன்று. ஃபால்சிபாரத்தின் அடையாளம் அது. அப்புறம் கேட்டபோதுதான் ஜார்க்கண்டில் மகள் பிரசவத்துக்குப் போய் வந்தது தெரிந்தது. ஆச்சி பிழைத்தார்கள், ஆனால் டயாலிசிஸ் வரைக்கும் போய்த்தான். ஒரு நாளைக்கு முன்னால் அந்த ஒரு வாக்கியத்தை யாராவது சொல்லியிருந்தால் அவ்வளவு தூரம் போயிருக்காது என்று இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

அதனால் எங்கே போனாலும் உள்ளே நுழைந்ததும் சொல்ல வேண்டியது இது: ‘இன்ன தேதியிலிருந்து இன்ன தேதி வரை இந்த ஊரில் இருந்தார், மலேரியா பார்த்துவிடுங்கள்.’ சீட்டு எழுதுபவரிடமும் சொல்லுங்கள், நர்ஸிடமும் சொல்லுங்கள், டாக்டரிடமும் சொல்லுங்கள்.

பரிசோதனையில் இரண்டு வகை. கார்டு டெஸ்ட் என்பது விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துப் பட்டையில் விடுவது, இருபது நிமிடத்துக்குள் கோடு தெரியும். ராத்திரி இரண்டு மணிக்கும் யாரும் செய்யலாம். ஆனால் கிருமி எவ்வளவு இருக்கிறது என்று அது சொல்லாது. மருந்து வேலை செய்கிறதா என்றும் சொல்லாது, ஏனென்றால் நோய் தீர்ந்த பிறகும் வாரக்கணக்கில் கோடு காட்டிக்கொண்டிருக்கும். ஸ்மியர் என்கிற ரத்தத் தடவல் பரிசோதனைக்கு கை தேர்ந்த ஆளும் கொஞ்சம் நேரமும் வேண்டும். ஆனால் வகை, எண்ணிக்கை இரண்டும் தெரிந்துவிடும். என் தொழில் ஸ்மியர், இருந்தாலும் சொல்கிறேன்: முதல் முடிவுக்குக் கார்டு போதும், அதைப் பார்த்து ஊசியைத் தொடங்கிவிட்டு ஸ்மியருக்கு அனுப்பலாம். முதல் தடவை இல்லை என்று வந்தாலும் சந்தேகம் பலமாக இருந்தால் 12 முதல் 24 மணி நேரத்தில் திரும்பப் பார்க்க வேண்டும். குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும் கிருமி விரல் நுனி ரத்தத்தில் தலைகாட்டாமல் போவதுண்டு.

இரண்டாம் வழி: காரைக்குடி ஜி.எச்.

நம்மில் வசதியுள்ள குடும்பங்கள் பல இதை யோசிப்பதே இல்லை. எனக்கு அது வருத்தம். மலேரியாவைப் பொறுத்தவரை அரசு அமைப்புக்குத் தனிப் பழக்கம் உண்டு. ஸ்லைடு எடுப்பதும் சிகிச்சையும் இலவசம். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மலேரியாப் பரிசோதனை செய்வார்கள். ராத்திரியிலும் டியூட்டி டாக்டர் இருப்பார். தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தந்த ஊரிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது. கூட்டம், இடவசதி, நெருக்கடி எல்லாம் உண்மைதான். ஆனால் இங்கே நீங்கள் பத்து நாள் படுக்க வரவில்லை, முதல் ஊசிக்கும் 108 வண்டியில் மேலே அனுப்புவதற்கும் வருகிறீர்கள். அந்த வேலைக்கு இந்த இடம் தோதானது.

மூன்றாம் வழி: சிவகங்கை அல்லது புதுக்கோட்டை மெடிக்கல் காலேஜ்

காரைக்குடியிலிருந்து சிவகங்கை சுமார் 45 கிலோமீட்டர், புதுக்கோட்டை சுமார் 40. சிவகங்கையில் 2012இலும் புதுக்கோட்டையில் 2017இலும் மருத்துவக் கல்லூரி தொடங்கினார்கள். அதற்கு முன்பு இப்படிப்பட்ட நோயாளிக்கு மதுரை, திருச்சி போன்ற தூரத்து ஊர்களை விட்டால் வேறு போக்கிடம் இல்லாத நிலை. இப்போது முடிவு மாவட்ட எல்லையை வைத்து எடுக்கக் கூடாது, பாதையை வைத்து எடுக்க வேண்டும். நாட்டரசன்கோட்டைக்காரருக்குச் சிவகங்கை கைக்கெட்டும் தூரம். இராயவரம், திருமயம் பக்கம் இருப்பவர் புதுக்கோட்டையை விட்டுவிட்டு வேறு எங்கும் பார்க்க வேண்டியதில்லை. பெரியவருக்குச் சிறுநீர் குறைந்தாலோ மூச்சு வாங்கினாலோ ஐ.சி.யு. இல்லாத இடத்தில் வைத்திருக்கக் கூடாது. அந்த வகையில் முதல் ஊசிக்குப் பிறகு நான் தேர்ந்தெடுப்பது இந்த வழியைத்தான். படுக்கை இருக்கிறதா என்று கிளம்பும்போதே கேட்டுவிட வேண்டும்.

நான்காம் வழி: நேரே மதுரை அல்லது திருச்சி

இரண்டும் 90 கிலோமீட்டர் அளவில் இருக்கின்றன. வாசலில் வண்டி ஏற்றுவதிலிருந்து அங்கே டாக்டர் கை வைப்பது வரை கணக்கிட்டால் மூன்று மணி நேரம் சாதாரணமாக ஆகிவிடும். அதற்கப்புறம் அட்மிஷன், இன்ஷூரன்ஸ் பேப்பர், ஸ்கேன் வரிசை. வசதி நிறைய இருக்கிறது, மறுக்கவில்லை. மதுரை பெரியாஸ்பத்திரியிலும் தனியார் இடங்களிலும் சிறுநீரகம், நரம்பு, நுரையீரல் எல்லாவற்றுக்கும் ஆள் இருப்பார்கள். ஏற்கெனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர், பேஸ்மேக்கர் வைத்தவர் என்றால் கடைசியில் அங்கே போவதுதான் சரி. ஆனால் ஊசி போடாமல் அந்த மூன்று மணி நேரத்தைக் கழிப்பதை நான் ஏற்க மாட்டேன். வெளிநாட்டிலிருந்து பேசும் பிள்ளைகளுக்குப் பெரிய பெயர் தரும் தைரியம் புரிகிறது. அங்கிருந்தபடியே காரைக்குடி ஆஸ்பத்திரிகளுக்கு ஃபோன் போட்டு மருந்து இருக்கிறதா என்று விசாரித்தால் அது இன்னும் பெரிய உதவி.

ஒரு விதிவிலக்கு உண்டு. முகம் ஒரு பக்கம் கோணி, ஒரு கையும் காலும் திடீரென விழுந்துவிட்டால் அது பக்கவாதமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். மூளை மலேரியாவில் இப்படி ஒரு பக்கம் மட்டும் விழுவது அபூர்வம். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு நாலரை மணி நேரந்தான் கெடு. அப்போது ஸ்கேனும் அந்த ஊசியும் உள்ள இடத்துக்கே நேரே போக வேண்டும், மலேரியாப் பரிசோதனையை அங்கே போய்க் கேட்டுக்கொள்ளலாம்.

எந்த ஊசி என்பதுதான் உண்மையான கேள்வி

நான்கு இடங்களையும் ஒப்பிட எனக்குக் கிடைத்த ஒரே நேர்மையான அளவுகோல் மருந்துதான். கடுமையான மலேரியாவுக்கு மூன்று வகை ஊசிகள் நம் நாட்டில் புழக்கத்தில் உள்ளன.

கொய்னா என்று பெரியவர்கள் சொல்லும் குயினைன் மிகப் பழையது. ஆயிரக்கணக்கான உயிரைக் காப்பாற்றியிருக்கிறது. வேறு எதுவும் இல்லாத இடத்தில் இன்றைக்கும் அதைப் போடாமல் இருக்கக் கூடாது. ஆனால் வயதானவருக்கு அது முரட்டு மருந்து. ட்ரிப்ஸில் மணிக்கணக்கில் மெதுவாக ஏற்ற வேண்டும். இன்சுலினைச் சுரக்க வைத்துச் சுகரைத் தடாலென்று இறக்கும். இதயத் துடிப்பின் லயத்தைக் கெடுக்கலாம். சிறுநீரகம் கெட்டால் இரண்டு நாளில் அளவைக் குறைக்க வேண்டும். நம் வீட்டுப் பெரியவர் எப்படிப்பட்டவர்? கிளிமெபிரைடு போடும் சர்க்கரை நோயாளி, இதய மாத்திரை இரண்டு, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினின் கொஞ்சம் கூடுதல். மலேரியாவே சுகரை இறக்கும், மாத்திரை இறக்கும், அதன்மேல் குயினைனும் இறக்கும். மூளை மலேரியாவால் மயங்கியிருக்கிறாரா சுகர் இறங்கி மயங்கியிருக்கிறாரா என்றே தெரியாமல் போகும். டிகாக்ஸின், அமியோடரோன் போன்ற இதய மாத்திரை சாப்பிடுபவர் என்றால் குயினைன் போடும் முன் டாக்டருக்குத் தெரிந்தே ஆக வேண்டும்.

ஆர்ட்டிசுனேட் வந்த பிறகு நிலைமை மாறியது. சீனாவில் தூ யூயூ கண்டெடுத்த ஆர்ட்டிமிசினின் வழியில் வந்த மருந்து இது. அவருக்கு 2015இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். வங்கதேசம், இந்தியா, இந்தோனேசியா, பர்மா ஆகிய நான்கு நாடுகளில் 1461 பேரை வைத்து இரண்டையும் ஒப்பிட்ட ஆய்வு 2005இல் வெளிவந்தது. இந்தியாவில் அது நடந்த இடம் ஒடிசாவின் ரூர்கேலா. குயினைன் வாங்கியவர்களில் 22 சதவீதம் பேர் இறந்தார்கள், ஆர்ட்டிசுனேட் வாங்கியவர்களில் 15 சதவீதம். ஆப்பிரிக்கக் குழந்தைகள் 5425 பேரிடம் 2010இல் பார்த்தபோதும் ஆர்ட்டிசுனேட்டே ஜெயித்தது. ஒடிசாவுக்குப் போய் நோய் வாங்கி வந்த நம்மவருக்கு, ஒடிசா நோயாளிகளைக் கொண்டே கிடைத்த இந்த விடை ரொம்பப் பொருத்தம்.

பெரியவர்களுக்கு இதில் இன்னும் சில நன்மைகள். சிறுநீரகமோ கல்லீரலோ கெட்டிருந்தாலும் அளவை மாற்ற வேண்டாம். நரம்பில் சில நிமிடங்களில் போட்டுவிடலாம், மணிக்கணக்கில் ட்ரிப்ஸ் ஏற்றி உடம்பில் தண்ணீரைச் சேர்க்க வேண்டியதில்லை. நரம்பு கிடைக்காவிட்டால் தசையிலும் போடலாம். மேலே அனுப்புவதற்கு முன் சின்ன ஆஸ்பத்திரியில் ஓர் ஊசியைத் தசையில் போட்டு அனுப்பச் சொல்லி உலக சுகாதார நிறுவனமே பரிந்துரைக்கிறது. என் வாதம் முழுவதும் இந்த ஒரு வசதியின்மேல்தான் நிற்கிறது.

மூன்றாவது, ஆர்ட்டீத்தர், ஆர்ட்டிமீத்தர் என்ற எண்ணெய் ஊசிகள். தசையில் போடுவது. போடுவது எளிது என்பதால் நம் நாட்டில் பரவலாகப் புழங்குகிறது. ஆனால் நாடி தளர்ந்து, கைகால் சில்லிட்டுக் கிடப்பவர் உடம்பில் எண்ணெய் மருந்து ஒரே சீராகப் பரவாது. ஆர்ட்டிசுனேட் இல்லாத இடத்தில் இது பரவாயில்லை, இருக்கும் இடத்தில் வேண்டாம்.

ஃபோனில் கேட்கும்போது ‘ஊசி இருக்கா’ என்று மட்டும் கேட்காதீர்கள், எத்தனை குப்பி என்று கேளுங்கள். அளவு ஒரு கிலோவுக்கு 2.4 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு வேளைக்கு 144 மில்லிகிராம், 60 மில்லிகிராம் குப்பி என்றால் மூன்று திறக்க வேண்டும். வந்ததும் ஓர் ஊசி, அதிலிருந்து 12 மணி நேரத்தில் ஒன்று, 24 மணி நேரத்தில் ஒன்று, பிறகு தினம் ஒன்று. கரைத்ததை உடனே போட்டுவிட வேண்டும், மிச்சத்தை வைத்திருந்து அடுத்த வேளைக்குச் சேர்க்க முடியாது. ஆக முதல் நாளுக்கே ஒன்பது குப்பி. மூன்று இருந்தால் அந்த இடம் முதல் ஊசிக்கு ஆகும். ஒன்றுமே இல்லை என்றால், வாங்கி வரச் சொல்லிக் காத்திருக்காமல் அடுத்த இடத்துக்குக் கிளம்ப வேண்டும். பர்மாவிலிருந்து வந்தவர் என்றால் அதையும் அழுத்திச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் ஆர்ட்டிமிசினின் வகைக்குக் கிருமி மெதுவாகவே அடங்கும் நிலை வந்திருக்கிறது, டாக்டர் அதற்கேற்பக் கண்காணிப்பார்.

கிளம்பும்போது வீட்டிலேயே ஒரு தடவை சுகர் பாருங்கள். பெரியவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். நினைவு சரியில்லாதவர் வாயில் காபி, குளுக்கோஸ், மாத்திரை எதையும் ஊற்றவோ போடவோ கூடாது, நுரையீரலுக்குள் போய்விடும். அவர் தினம் போடும் மாத்திரைப் பட்டைகளை அப்படியே ஒரு பையில் அள்ளிப் போட்டுக்கொள்ளுங்கள்.

உறவினர்கள் கேட்டு வாங்கும் சில சிகிச்சைகள் கெடுதல் செய்யும். ‘மூளை வீக்கம்’ என்றதும் ஸ்டீராய்டு போடச் சொல்வார்கள். டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மூளை மலேரியாவில் மயக்கத்தை நீட்டித்ததுதான் மிச்சம் என்று 1982இலேயே தெரிந்துவிட்டது. மூளை வீக்கத்தைக் குறைக்கும் மானிட்டால் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்ததிலும் அப்படியே, மயக்கந்தான் நீண்டது. அதுவும் ரூர்கேலாவில் நடந்த ஆய்வுதான், 2011இல் வந்தது. ட்ரிப்ஸ் நிறைய ஏற்றினால் தெம்பு வரும் என்ற நம்பிக்கை இன்னும் ஆபத்து. பெரியவர்களுக்கு அந்தத் தண்ணீர் நுரையீரலில் போய்க் கட்டும். டாக்டர் அளந்து ஏற்றுகிறார் என்றால் கஞ்சத்தனம் என்று நினைக்காதீர்கள்.

போவதற்கு முன் மாத்திரையா, கொசுவலையா?

இரண்டும் வேண்டும். மலேரியாத் தடுப்பூசிகள் இரண்டு வந்திருக்கின்றன, இரண்டும் குழந்தைகளுக்கு மட்டுந்தான். பெரியவர்களுக்கு மாத்திரைதான் வழி.

ஆறு வாரத்துக்குள் திரும்பும் பயணத்துக்கு நம் தேசிய மலேரியாத் திட்டம் சொல்வது டாக்ஸிசைக்ளின். தினம் 100 மில்லிகிராம், போவதற்கு இரண்டு நாள் முன்பு தொடங்கி, திரும்பிய பிறகு நான்கு வாரம். விலை குறைவு, எங்கும் கிடைக்கும். நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உணவுக்குழாயில் புண்ணாகும். படுக்கப் போகும்போது மாத்திரை போடும் பழக்கமுள்ள ஐயாக்களிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். வெயில் பட்டால் தோல் சிவக்கும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போடுபவர் டாக்டரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

ஆறு வாரத்துக்கு மேல் தங்குவதானால் மெஃப்ளோக்வின். வாரம் ஒன்றுதான் என்பது சௌகரியம். ஆனால் தூக்கம் கெடும், கெட்ட கனவு வரும், சிலருக்கு மனம் குழம்பும். வலிப்பு, மன அழுத்தம், இதயத் துடிப்புக் கோளாறு இருந்தவருக்கு ஆகாது. மறதி தொடங்கிய எண்பது வயதுக்காரருக்கு நான் இதை விரும்ப மாட்டேன். பின்னால் அவர் குழம்பிப் பேசினால் மருந்தாலா நோயாலா என்று யார் சொல்வது? அட்டோவாக்வோன்-புரோகுவானில் என்ற மூன்றாவது மாத்திரை பெரியவர்களுக்குப் பொதுவாக ஒத்துக்கொள்ளும். திரும்பிய பிறகு ஏழு நாள் போட்டால் போதும். விலை அதிகம், முன்கூட்டியே சொல்லி வைத்து வாங்க வேண்டும், சிறுநீரகம் ரொம்பப் பழுதானவருக்குக் கூடாது. குறுகிய ஆப்பிரிக்கப் பயணத்துக்கு, செலவு தாங்கும் என்றால் என் தேர்வு இதுதான்.

மலேரியாக் கொசு கடிப்பது பொழுது சாய்ந்ததிலிருந்து விடியும் வரை. ஆகவே மருந்து தோய்த்த வலைக்குள் படுக்கை, மாலையில் முழுக்கை. வலைக்குள் மூச்சு முட்டுகிறது என்று பெரியவர்கள் தட்டிவிடுவார்கள். பெரிய வலையாக வாங்கி, உள்ளே காற்று வரும்படி மின்விசிறியைப் பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். எந்த மாத்திரையும் நூற்றுக்கு நூறு காப்பதில்லை. மாத்திரை போட்டவருக்குக் காய்ச்சல் வந்தாலும் பரிசோதனை பரிசோதனைதான்.

பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு

மூளை மலேரியாவிலிருந்து எழுந்த பெரியவர்களில் பெரும்பாலோர் நினைவு தெளிந்து பழையபடி ஆகிவிடுகிறார்கள் என்பது இந்த நோயின் ஒரே கருணை. ஊசி குறைந்தது 24 மணி நேரம் போட்டு, விழுங்க முடிகிற நிலை வந்ததும் ஆர்ட்டிமிசினின் வகையோடு வேறு மருந்தும் சேர்ந்த கூட்டு மாத்திரை மூன்று நாள் முழுசாகக் கொடுக்க வேண்டும். தெளிந்துவிட்டார் என்று அதைப் பாதியில் விட்டால் நோய் திரும்பும். ப்ரைமாக்வின் ஒரு வேளை கொடுப்பார்கள், அது அவருக்காக மட்டும் இல்லை. அவர் ரத்தத்தில் மிச்சமிருக்கும் கிருமி நம் ஊர்க் கொசுவுக்குப் போகாமல் தடுக்கத்தான். கிணறும் மேல்நிலைத் தொட்டியும் உள்ள நம் வீடுகளில் மலேரியாக் கொசு முட்டையிட இடத்துக்குப் பஞ்சமில்லை.

ஆர்ட்டிசுனேட் போட்டவர்களில் சிலருக்கு ஒன்று முதல் நான்கு வாரத்துக்குள் சிவப்பணுக்கள் உடைந்து ரத்தம் குறைவதுண்டு. இதயம் பலவீனமான பெரியவருக்கு அது மூச்சுத் திணறலாக வரும், களைப்பு என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். ஆகவே டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து நான்கு வாரம், வாரம் ஒருமுறை ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். பக்கத்துப் பரிசோதனைக் கூடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம், அதற்கு மதுரை போக வேண்டாம். சிறுநீர் கறுத்துப் போனாலோ கண் வெளுத்தாலோ வாரம் முடியக் காத்திருக்காமல் அன்றைக்கே போங்கள். நான்கு தேதிகளையும் டிஸ்சார்ஜ் அன்றே காலண்டரில் குறித்து, எந்தத் தேதிக்கு யார் கூட்டிக்கொண்டு போவது என்றும் பக்கத்தில் எழுதிவிடுங்கள்.